வெண்டலுக்குக் கேட்காத கரகரப்பு

திங்கட்கிழமை

அன்புள்ள வெண்டலுக்கு,

ஓபல் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். நீ சௌக்கியமா என்பதை உன் தம்பி ராய்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கூரை வேலை பாதி முடிந்துவிட்டதாம், நீ ஏணியில் ஏறாமல் கீழே நின்றபடி அதிகாரம் பண்ணுகிறாயாம். சந்தோஷம், அப்படியே இரு. இந்த வயதில் அர்கன்சா வெயிலில் கூரையேறி விழுந்து வைத்தால் டென்னசியிலிருந்து ஓடிவர என் முழங்கால் ஒத்துழைக்காது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான்தான் தினமும் கூப்பிட்டுப் பார்த்தேனே. ஒவ்வொரு தடவையும் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு, இந்த லைன் சுத்த மோசம் ஓபல், அப்புறமா பேசறேன் என்று வைத்துவிட்டாய். நேற்று நீ வைத்த பிறகு மறுபடியும் கூப்பிட்டு ராய்ஸோடு பேசினேன். அதே போன்தான். நான் சொன்னது எல்லாம் அவனுக்குக் கேட்டது. அடுப்பில் எதையோ தீயவிட்டதற்கு அவன் பெண்டாட்டி அவனைத் திட்டியதுகூட எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதனால் இனிமேல் எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

தக்காளி இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது. நம் இரண்டு பேருக்கு எதற்கு இத்தனை செடி என்று வசந்தத்தில் சொன்னேன், கேட்டாயா. இப்போது பாட்டில் பாட்டிலாக அடைத்து சர்ச்சுக்காரர்கள் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். நாய் பட்டன், உன் பிக்கப் வண்டி நிற்கிற இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. சோளரொட்டியைக் காட்டினால் மட்டும் எழுந்து வருகிறது. ரொம்பத் துக்கம் என்று சொல்ல முடியாது.

சனிக்கிழமை சந்தைக்கு நான் மட்டும் போய்க் கடையைப் போட்டேன். சந்தை கூடுகிற அந்தப் பழைய புகையிலைக் கிடங்குக்குள் இசைத்தட்டுப் பெட்டிகளைத் தூக்கி வைப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. பக்கத்து மேஜை மெல்வின்தான் மீதியைத் தூக்கிக் கொடுத்தான். என்ன மிஸ் ஓபல், பெரியவரைக் காணோம், கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாரா என்று கேட்டான். தம்பி வீட்டுக்குடா, கூரை ஒழுகுதாம் என்றேன். அவன் சிரித்தான், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு நம் கடையில் நின்றிருந்தவன்தானே அவனும்.

அன்றைக்கு நடந்ததைப் பற்றி நாம் பேசவே இல்லை. இப்போது நான் பேசுகிறேன், நீ குறுக்கே பேச முடியாது. எங்கோ போகிற வழியில் இறங்கிய அந்த இளம் ஜோடி ஒரு தட்டை எடுத்தார்கள். வண்டிச் சக்கரத்தின் மேல் கால் வைத்துக்கொண்டு, மின்னுகிற கல் பதித்த கோட்டுப் போட்ட ஆள் உறையில் நிற்பானே, அது. உன் கையால் முதல் தரம் என்று பென்சிலில் எழுதி ஒட்டியிருந்தாய். போட்டுக் காட்டுங்க என்றார்கள். போட்டாய். பாட்டுக்குப் பதிலாக வாணலியில் பன்றிக்கறி பொரிகிற சத்தம் வந்தது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பையனும் சிரித்தான். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய், வெண்டல். காலால் தாளம் போட்டுக்கொண்டு, பாட்டு அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு.

எனக்குத் தாங்கவில்லை. போய் ஊசியை எடுத்துவிட்டேன். பாட்டு நடுவுல ஊசியை எடுக்கிறவளை உலகத்துலயே பாத்ததில்ல என்று எல்லார் முன்னாலும் கத்தினாய். மறுநாள் காலையில், ராய்ஸ் வீட்டுக் கூரை ஒழுகுது, போய்ட்டு வரேன் என்று கிளம்பிவிட்டாய். அந்தக் கூரை அவனுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒழுகுகிறது.

ஒஹாயோக்காரருக்கு நீ தபாலில் விற்று அனுப்பிய தட்டு திரும்பி வந்திருக்கிறது. இன்னொன்று ஜார்ஜியாவிலிருந்து. இரண்டிலும் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். உங்கள் பெயரைப் பார்த்துத்தான் வாங்கினோம், ஏதோ கைமறதியாக வேறு தட்டு வந்துவிட்டது போலிருக்கிறது என்று. போன மாதம் வந்தவற்றை அவங்க ஊசி மழுங்கிப்போச்சு என்று தள்ளிவிட்டாய். ஊரிலிருக்கிற எல்லார் ஊசியுமா ஒரே நேரத்தில் மழுங்கும்?

நேற்று தட்டுக் கழுவுகிற உன் கலவையை எடுத்து ஒரு தட்டைக் கழுவிப் பார்த்தேன். நீ செய்கிற மாதிரியே சுற்றுவாக்கில் துடைத்து, துணியால் ஒற்றி, காயவைத்தேன். கண்ணாடி போல மின்னியது. ஊசியை வைத்தேன். முன்னால் என்ன கரகரப்பு இருந்ததோ அதே கரகரப்பு. அந்தக் கலவையைக் கண்டுபிடித்ததிலிருந்து எல்லாத் தட்டும் நேத்து அடிச்ச மாதிரி கேக்குது ஓபல் என்று சமையலறையில் என்னைப் பிடித்துச் சுற்றினாய். பாட்டிலில் ஊற்றி, உன் பெயரை ஒட்டி, சந்தையில் விற்கவும் செய்தாய். இத்தனை வருஷம் கழித்து அதிர்ஷ்டம் வந்துவிட்டது என்றாய்.

கலவை ஒன்றும் செய்யவில்லை. தட்டும் மாறவில்லை. உன் காது மாறியிருக்கிறது. மரம் அறுக்கிற ஆலையில் அந்தப் பெரிய ரம்பத்துக்குப் பக்கத்திலேயே வேலை செய்த காது, அதைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, தாளில் வருகிறது. கோபம் வந்தால் இதைக் கிழித்துப் போடு. பதில் மட்டும் போடு.

உன்,
ஓபல்

*

வெள்ளிக்கிழமை

அன்புள்ள வெண்டலுக்கு,

உன் கார்டு இந்தத் திங்கட்கிழமை வந்தது. எல்லாத்தையும் மெல்வின்கிட்ட வித்துடு, அலமாரியில இருக்கிறதையும் சேத்து. அவ்வளவுதான். நான் அத்தனை பக்கம் எழுதியதற்கு ஒரு வரி. எப்படி இருக்கிறாய் என்றுகூட ஒரு சொல் இல்லை. கார்டில் அர்கன்சாவின் ஏதோ ஓர் அருவி. அதைப் பார்த்து நான் என்ன செய்ய?

நீ சொன்னதால் புதன்கிழமை மெல்வினை வரச் சொன்னேன். பெரிய வேனை எடுத்துக்கொண்டு, குளித்து, அந்தக் குடுமியைச் சீவிக் கட்டிக்கொண்டு சர்ச்சுக்கு வருகிறவன் மாதிரி வந்தான். கீழே பெட்டிகளில் இருந்ததை வேகமாகப் பார்த்து முடித்தான். நீ விற்காமல் உனக்கென்று சேர்த்து வைத்த தட்டுகளின் அலமாரி முன்னால் வந்ததும் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான். அந்த அலமாரியைத் தொட அவனை எத்தனை வருஷமாக நீ விட்டதில்லை என்று எனக்குத் தெரியாதா. உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக எடுத்தான். நீ செய்கிற மாதிரியே உறையை மூக்கருகே கொண்டுபோய் ஈரவாடை இருக்கிறதா என்று பார்த்தான். விளிம்பில் மட்டும் பிடித்து வெளியே எடுத்தான். நடுவே காகிதம் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் கீறியிருக்கிற எண்ணைப் படித்தான். முதல் அச்சு, இதுவும் முதல் அச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன், அதைக் குடிக்கவில்லை.

எதையும் போட்டுக் கேட்டுப் பார்க்க மாட்டாயா என்று கேட்டேன். வேண்டாம் மிஸ் ஓபல், விளக்கு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா போதும் என்றான். உனக்கு அது ஆகாது, எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் முழுக்கக் கேட்காமல் நீ ஒரு தட்டுக்குக்கூடத் தரம் போட்டதில்லை. சாப்பாடு ஆறினாலும், விருந்தாளி வந்தாலும், கடைசிப் பாட்டு முடிந்து ஊசி உள்ளே போய் மோதுகிறவரை எழுந்திருக்க மாட்டாய். கண்ணால தரம் பாக்கறவன் உறையைத்தான் சேக்கறான், பாட்டைச் சேக்கல என்பாய். அந்தப் பெருமையோடுதான் இந்த அறையில் உட்கார்ந்திருந்தாய்.

பிறகு அவன் ஒன்று சொன்னான். நல்ல மனதோடுதான் சொன்னான். வித்துடறது நல்லதுதாங்க, அவருக்குத்தான் இனிமே கேக்கப்போறதில்லையே என்றான். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. உன்கிட்ட யார்றா சொன்னா அவருக்குக் கேக்காதுன்னு என்று பாய்ந்துவிட்டேன். அவன் கையிலிருந்த தட்டை உறைக்குள் போட்டான்.

அப்புறம் மெதுவாகச் சொன்னான். சந்தையில் எல்லாருக்கும் தெரியுமாம். போன இலையுதிர்காலத்திலிருந்தே தெரியுமாம். முதல் தரம் என்று நீ ஒட்டியதை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் போட்டால் கரகரவென்று வருமாம். யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை. பழைய புத்தகம் விற்கிற டெரல், தேன் விற்கிற அந்த அண்ணன் தம்பிகள், மெல்வின், எல்லாருமே வாங்கி வாங்கி அலமாரியின் பின்பக்கம் சொருகி வைத்திருக்கிறார்கள். உன் கலவை பாட்டிலையும் வாங்கியிருக்கிறார்கள். அவர்கிட்ட போய் யாருங்க சொல்றது, நாங்க தட்டை எப்படிப் பிடிக்கணும்னு கத்துக்கிட்டதே அவர்கிட்டதானே என்றான். அதனால்தான் அன்றைக்கு அந்த ஜோடி சிரித்தபோது நம் ஆட்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது கவனித்தேன், காரணம் இப்போதுதான் தெரிந்தது.

நீ இதைப் படித்துக் கூனிக்குறுகிப் போவாய். போகாதே. உன்னை ஏமாற்றினார்கள் என்று நினைக்காதே. காசு கொடுத்துக் கரகரப்பை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிற ஆட்கள் உனக்கு இந்த ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒருத்தி கிடையாது. என் பீன்ஸில் உப்புக் கூடினால் சர்ச்சில் பாதிரியார் முதல் எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள்.

நான் விற்கவில்லை. பெட்டிகளில் சிலதை மெல்வின் எடுத்துக்கொண்டான். அலமாரியை நான் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை, பாவம், அந்தப் பேச்சுக்குப் பிறகு எடுக்க மனம் வரவில்லை போல. வாசல்வரை போய்த் திரும்பி, அவரே வந்து குடுத்தா வாங்கிக்கிறேன், நீங்க குடுத்தா வாங்க மாட்டேன் என்றான்.

அவன் போனதும் நான் அந்த அறையில் உட்கார்ந்து ஒரு தட்டைப் போட்டேன். உனக்குத் தெரியும், எனக்கு இந்தப் பாட்டு எல்லாம் ஒன்றுதான். ஒருத்தி போய்விடுவாள், ஒருத்தன் குடிப்பான், ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போகும். இத்தனை வருஷம் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டே காதில் வாங்கியதோடு சரி. அன்றைக்கு இரண்டு பக்கமும் முழுக்கக் கேட்டேன். எங்கே கரகரக்கிறது என்று என்னால் சொல்ல முடிகிறது. எது நல்லது, எது அரியது, எந்த ஆள் எந்த ஆண்டில் ஸ்டீல் கிட்டார் வாசித்தான் என்று எதுவும் சொல்ல முடியவில்லை. அதற்கு நீதான் வேண்டும்.

நகரத்தில் காது பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது. நான் போய் விசாரித்துவிட்டு வருகிறேன். வேண்டாம் என்று கார்டு போடாதே, அது வருவதற்குள் நான் போய்விட்டு வந்துவிடுவேன்.

சாப்பாட்டைக் கவனித்துக்கொள். ராய்ஸ் பெண்டாட்டி வெண்ணெயை அள்ளிப் போடுவாள், எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடாதே.

உன்,
ஓபல்

*

வியாழக்கிழமை

அன்புள்ள வெண்டலுக்கு,

இந்தத் தடவை கார்டில் மூன்றே சொல். ஓபல், பிடில் கேக்குமா. அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் தபால்பெட்டி பக்கத்திலேயே நின்றுவிட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஒன்றைக் கேட்கவாவது செய்தாயே என்று.

போய்விட்டு வந்தேன். அங்கே இருக்கிறவள் சின்னப் பெண், பெயர் ஷெல்பி. நம் பக்கத்துப் பெண்தான், அவள் அப்பாவும் ஆலையில் வேலை பார்த்தவராம். அவரும் இப்படித்தான் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு டிவியே சரியில்லை என்று சண்டை போடுவாராம். நான் உன்னைப் பற்றி எல்லாம் சொன்னேன். கரகரப்புதாங்க முதல்ல போகும், மெல்லிசா கீச்சுனு வர்ற சத்தம் எல்லாம் முதல்ல போயிடும், தடிச்ச சத்தம் கடைசிவரைக்கும் கேக்கும் என்றாள். அதனால் உனக்குத் தட்டு சுத்தமாகிவிட்டது போல இருந்திருக்கிறது. பிடிலின் உச்சிச் சுரமும் அதோடு போயிருக்கும், பழக்கத்தால் அது இருக்கிறதாக மனசே நிரப்பிக்கொண்டிருக்கும் என்றாள்.

பிடில் கேட்குமா என்று நானும் அவளிடம் கேட்டேன், உன் கார்டு வருவதற்கு முன்பே. உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை. காதில் மாட்டுகிற கருவி பேச்சுக்காகச் செய்ததாம். பேச்சு நன்றாகக் கேட்குமாம். பாட்டு கேட்கும், ஆனால் பழையபடி கேட்காதாம். பிடில் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி வரலாமாம். சில பேர் நாளாக ஆகப் பழகிக்கொள்கிறார்களாம். சில பேர் பாட்டுப் போட்டால் கழற்றி வைத்துவிடுகிறார்களாம். நீ எந்த ரகம் என்று வந்து மாட்டிப் பார்த்தால்தான் தெரியுமாம். மருந்துக்குக்கூட அவள் சர்க்கரை தடவிச் சொல்லவில்லை, எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

ராய்ஸிடம் நேற்றுப் பேசினேன். நீ அவனிடம் சொன்னதை அவன் மறைக்காமல் சொல்லிவிட்டான். பாட்டு பழையபடி கேக்கலன்னா அந்தக் கருமத்தைக் காதுல மாட்டிக்கிட்டு எனக்கு என்ன ஆகப்போகுது என்றாயாம். போனை வைத்துவிட்டு, கழுவின பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவினேன். உனக்கு என்ன ஆகப்போகிறது என்று யோசித்தாயே, எனக்கு என்ன ஆகும் என்று தோன்றவில்லையா? இந்த வீட்டில் பேசுகிற ஒரே ஆள் நான்தான். பிடில் இல்லாவிட்டால் உனக்குக் கேட்க ஒன்றுமே இல்லையா?

இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ரொம்ப நாளாக நீ சாப்பாட்டு மேஜையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். முன்னெல்லாம் நான் பேசப் பேச நீ இசைத்தட்டு ஏலப் பட்டியலைப் புரட்டிக்கொண்டு உம் உம் என்பாய். திடீரென்று அதையெல்லாம் மூடி வைத்துவிட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நான் வாயைத் திறந்தால் கண்ணை எடுக்காமல் பார்க்க ஆரம்பித்தாய். கிழவனுக்கு என்ன ஆச்சு, வயதான காலத்தில் ஆசை வந்துவிட்டதா என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்போதே ஒரு தடவை நகரத்துக்குப் போய் ஒரு லிப்ஸ்டிக் வாங்கினேன். இவ்வளவு வருஷத்தில் நான் கையால் தொடாத சாமான் அது. சர்ச்சில் எல்லாரும், என்ன ஓபல், யாருக்கு இந்த அலங்காரம் என்று கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று இருந்தேன்.

ஷெல்பி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், கேக்காதவங்க உதட்டைத்தாங்க பாப்பாங்க, பாத்தே பாதி புரிஞ்சுக்குவாங்க என்று. நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன்.

ஏமாந்துவிட்டேன் என்று அழவில்லை. கொஞ்சம் அதற்கும் அழுதேன்தான். ஆனால் அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நான் பேசுகிறது என்ன பெரிய பேச்சு? தக்காளியில் புழு, பக்கத்து வீட்டுக்காரி வேலி, சர்ச்சில் யார் யாரோடு பேசவில்லை, இந்த உளறல்தான். கேட்காமல் விட்டிருந்தால் உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பாதி ஆண்கள் காது நன்றாக இருக்கும்போதே கேட்பதில்லை. நீ கேட்காத காதை வைத்துக்கொண்டு, அதில் ஒரு சொல்கூட விட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொரு வேளையும் சாப்பாடு ஆறுகிறவரை என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். ஒரு தட்டுக்கு நீ கொடுத்த கவனத்தை எனக்கும் கொடுத்திருக்கிறாய், அது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமைக்கு ஷெல்பியிடம் உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். நீ வராவிட்டால் நான் அவளிடம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்வேன், உன்னைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். அலமாரியை வைத்துக்கொள்வதோ கொடுப்பதோ உன் இஷ்டம். பாட்டுக்காக வா என்று நான் கூப்பிடவில்லை. அந்தக் கருவியில் பிடில் வராமல் போகலாம். என் குரல் வரும் என்று அவள் சொல்கிறாள். அது போதுமா என்று நீதான் சொல்ல வேண்டும், கார்டில் வேண்டாம்.

கூரை முடியாவிட்டாலும் பரவாயில்லை, கிளம்பி வா, வெண்டல். மலைப்பாதையில் நிதானமாக ஓட்டு. கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீ எந்த நேரத்தில் வந்து சேர்ந்தாலும் சமையலறையில் பெரிய விளக்கு எரிந்துகொண்டிருக்கும், நான் உனக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொள்கிறேன்.

என்றும் உன்,
ஓபல்